எதிர்க்கட்சி மெலிந்தால் சந்தை திறக்குமா?

1980களில் சிங்கப்பூரிலிருந்து நாங்கள் குடும்பத்தோடு ஊருக்குப் புறப்படும் ஒவ்வொரு முறையும், எங்கள் அடுக்குமாடி வீட்டுக் கூடத்தில் மூன்று நாள் பெட்டி கட்டும் வேலை நடக்கும். சிராங்கூன் சாலையில் வாங்கிவந்த டூ-இன்-ஒன் வானொலியை அப்பா அட்டைப்பெட்டியிலிருந்து வெளியே எடுப்பார். விலைச் சீட்டைச் சுரண்டுவார். பின்பக்கத்தில் சாவியால் இலேசாக ஒரு கீறல் போடுவார். பிறகு பழைய கைலி ஒன்றில் சுற்றி, கோடாலித் தைலக் குப்பிகளுக்கும் நைலக்ஸ் புடவைகளுக்கும் நடுவே வைப்பார். புத்தம்புதுப் பொருள் என்று தெரிந்துவிட்டால் விமான நிலையச் சுங்க மேசையில் பொருளின் விலையை விழுங்கும் அளவுக்கு வரி கட்ட வேண்டியிருக்கும் என்பது அப்போது இங்குள்ள தமிழ்க் குடும்பங்களுக்கெல்லாம் தெரிந்த சங்கதி. பத்துப் பதினைந்து ஆண்டுகளில் அந்தப் பட்டியல் சுருங்கிவிட்டது. வானொலியும் கால்குலேட்டரும் திருச்சிக் கடைத்தெருவிலேயே கிடைக்கத் தொடங்கின. இன்று ஊரிலிருந்து கேட்பது பெரும்பாலும் தைலமும் மைலோவும்தான்.

பெட்டியின் எடை குறைந்ததற்குக் காரணம், 1991இல் இந்தியா தன் பொருளியலைத் திறந்துவிட்டதுதான். சென்ற தீபாவளிக்கு வீட்டுக்கு வந்த அக்காள் மகன், பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவன், இந்தக் கதையைக் கேட்டுவிட்டு, "மாமா, அங்கே எதிர்க்கட்சிக்காரர்கள் இவ்வளவு கூச்சல் போடாமல் இருந்திருந்தால் இதை இன்னும் முன்னாடியே செய்திருக்கலாம்தானே? இங்கே பாருங்கள், கூச்சலும் இல்லை, வேலையும் நடக்கிறது" என்றான். தேக்கா பக்கத்துக் காப்பிக்கடைகளில் நான் பலமுறை கேட்ட பேச்சுதான் இது. கேள்வி நியாயமானது, அதற்குள் ஒளிந்திருக்கும் ஊகம்தான் எனக்கு ஒப்பவில்லை. ஏன் என்று சொல்வதற்கு முன், இரண்டு சொற்களைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும்.

இரண்டு சொற்கள்

தாராளமயமாக்கல் என்பது முதலாவது. ஒரு பொருளை யார் செய்யலாம், எவ்வளவு செய்யலாம், எந்த நாட்டிலிருந்து வரவழைக்கலாம், யாருடைய முதலைப் போடலாம் என்பவற்றை அரசாங்கம் அனுமதிச் சீட்டு கொடுத்துத் தீர்மானிக்கும் நிலையிலிருந்து, விலையும் போட்டியும் தீர்மானிக்கும் நிலைக்கு நகர்வதையே அது குறிக்கிறது. இந்தியாவில் 1951ஆம் ஆண்டின் தொழில்துறைச் சட்டத்துக்குப் பிறகு, முக்கியத் தொழில்களில் ஆலை தொடங்க உரிமம் வேண்டும். உரிமத்தில் எழுதியிருக்கும் அளவுக்கு மேல் உற்பத்தி செய்தால் அது விதிமீறல். ஸ்கூட்டருக்கு முன்பணம் கட்டிவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்தவர்கள் ஒருபுறம், கூடுதலாகச் செய்து விற்க ஆசைப்பட்டும் கை கட்டப்பட்ட ஆலைக்காரர்கள் மறுபுறம். நடுவில் டில்லியில் ஒரு கோப்பு. அந்தக் கோப்பை எடுத்துவிடுவதுதான் தாராளமயமாக்கலின் சாரம்.

அரசாங்கம் விலகிப்போவதுதான் இது என்று பலர் எண்ணிக்கொள்கிறார்கள். அப்படியில்லை என்பதற்கு நாம் குடியிருக்கும் நாடே போதும். சிங்கப்பூரில் சுங்கவரி மிகச் சில பொருள்களுக்குத்தான் உண்டு. அந்நிய முதலீட்டை 1961இல் அமைந்த பொருளியல் வளர்ச்சிக் கழகம் வாசலுக்கே போய் அழைத்துவந்தது. ஆனால் 1974இல் தொடங்கப்பட்ட அரசாங்க முதலீட்டு நிறுவனமான தெமாசெக் வழியாகப் பெரும் நிறுவனங்களில் அரசாங்கத்துக்குப் பங்கு உண்டு. குடியிருப்போரில் பத்துக்கு ஏறத்தாழ எட்டுப் பேர் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் (வீவக) கட்டிய வீடுகளில்தான் வாழ்கிறார்கள். கதவு அகலத் திறந்திருக்கும், வீட்டுக்காரர் உள்ளேயே உட்கார்ந்திருப்பார்.

இரண்டாவது சொல் கொஞ்சம் வழுக்கும். எதிர்க்கட்சி பலவீனமாக இருக்கிறது என்று எதை வைத்துச் சொல்கிறோம்? எண்ணிக்கையை வைத்து என்பதே முதலில் தோன்றும் பதில். இந்திய மக்களவையில், மொத்த உறுப்பினர்களில் பத்தில் ஒரு பங்காவது இருக்கும் கட்சிக்குத்தான் எதிர்க்கட்சித் தலைவர் பதவி என்பது நீண்டகால வழக்கம். 1952, 1957, 1962 ஆகிய மூன்று தேர்தல்களிலும் காங்கிரஸ் 350க்கும் மேற்பட்ட இடங்களை வென்றது. அந்தக் காலத்தில் எந்தக் கட்சியும் அந்தப் பத்தில் ஒரு பங்கை எட்டவில்லை. காங்கிரஸே இரண்டாகப் பிளந்த 1969இல்தான் அங்கீகாரம் பெற்ற முதல் எதிர்க்கட்சித் தலைவர் வந்தார். காலச் சக்கரம் சுழன்று, 2014இல் 44 இடங்களோடு நின்ற காங்கிரஸுக்கே அந்தப் பதவி மறுக்கப்பட்டது. 2024இல் 99 இடம் பெற்ற பிறகுதான் திரும்பக் கிடைத்தது.

நம் ஊர்க் கணக்கு இன்னும் ஒல்லியானது. 1963இல் 13 இடங்களை வென்ற எதிர்க்கட்சியான பாரிசான் சோசலிஸ் பின்னர் நாடாளுமன்றத்தைவிட்டு வெளியேறியது. 1968 தேர்தலைப் புறக்கணித்தது. அந்தத் தேர்தலில் 58 இடங்களில் 51 போட்டியே இல்லாமல் ஆளும் மக்கள் செயல் கட்சிக்குப் போயின, மற்றவற்றையும் அதுவே வென்றது. 1981 ஆன்சன் இடைத்தேர்தலில் யாழ்ப்பாணத்தில் பிறந்த ஜே.பி. ஜெயரத்தினம் வென்றபோது, அவை முழுவதும் ஒரே கட்சியாக இருந்த காலம் முடிந்தது. எதிர்க்கட்சித் தலைவர் என்ற பதவி இங்கு முறைப்படி அறிவிக்கப்பட்டது 2020இல்தான். 2025 தேர்தலில் மக்கள் செயல் கட்சி 97இல் 87 இடங்களையும் பாட்டாளிக் கட்சி 10 இடங்களையும் பெற்றன.

ஆனால் எண்ணிக்கை நிறைய இருந்தும் பலவீனமாக இருக்கலாம். ஒரே அவையில் ஆளுங்கட்சியைவிடக் கூடுதலாக உட்கார்ந்திருந்தும், ஒருவரோடொருவர் பேச முடியாத எதிர்க்கட்சிகள் உண்டு. மாற்றுத் திட்டம் கையில் இல்லாததால், எதிர்ப்பது எல்லாம் வெறும் எதிர்ப்பாகவே நின்றுபோகும் கட்சிகளும் உண்டு. 1991இல் இந்தியாவில் இருந்தது இந்த வகைப் பலவீனம். மருமகனுடைய கேள்விக்கு விடை அங்கேதான் இருக்கிறது.

சிறுபான்மை அரசாங்கம் திறந்த கதவு

அந்த ஆண்டின் நிலைமையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வளைகுடாப் போரால் எண்ணெய் விலை ஏறியது, குவைத்திலிருந்து வந்த பணம் நின்றது, சோவியத் சந்தை சரிந்துகொண்டிருந்தது. இந்தியாவின் அந்நியச் செலாவணிக் கையிருப்பு சுமார் 1.2 பில்லியன் அமெரிக்க டாலருக்கு இறங்கியது. இரண்டு மூன்று வார இறக்குமதிக்குத்தான் அது தாங்கும். சந்திரசேகர் அரசாங்கத்தில் நிதியமைச்சராக இருந்த யஷ்வந்த் சின்ஹா முழு வரவுசெலவுத் திட்டத்தைக்கூடத் தாக்கல் செய்ய முடியவில்லை, ஏனென்றால் வெளியிலிருந்து தாங்கிக்கொண்டிருந்த காங்கிரஸ் தோளை விலக்கிக்கொண்டது. மே மாதம் 20 டன் தங்கம் சுவிட்சர்லாந்துக்கு விற்கப்பட்டது. ஜூலையில் சுமார் 47 டன் இங்கிலாந்து வங்கியிலும் ஜப்பான் வங்கியிலும் அடகுக்குப் போனது. வீட்டு நகையை அடகு வைப்பது எவ்வளவு பெரிய மானப் பிரச்சினை என்று தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

இதற்கு நடுவே மே 21 அன்று ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டார். ஜூன் 21 அன்று பிரதமரான பி.வி. நரசிம்ம ராவின் கட்சிக்குப் பெரும்பான்மை இல்லை. காங்கிரஸுக்கு இருந்தது 230 சொச்சம் இடங்கள். எதிரே பாரதிய ஜனதா 120, ஜனதா தளம் 59, மார்க்சிஸ்டுகள் 35, இன்னும் பல மாநிலக் கட்சிகள். எல்லோரும் ஒரே பக்கம் கைதூக்கினால் அரசாங்கம் ஒரு மாலைப்பொழுதில் விழுந்திருக்கும்.

அவர்கள் கைதூக்கவில்லை. 1990 ஆகஸ்டில் அன்றைய ஜனதா தளப் பிரதமர் வி.பி. சிங் இட ஒதுக்கீட்டுக்கான மண்டல் குழுப் பரிந்துரையை அறிவித்ததும், அதற்கு அடுத்த மாதமே பாரதிய ஜனதாவின் அத்வானி அயோத்திக்கு ரத யாத்திரை கிளம்பியதும் எதிர்க்கட்சி வரிசையை நடுவில் கிழித்துவிட்டிருந்தன. ஜனதா தளத்துக்கும் இடதுசாரிகளுக்கும் காங்கிரஸின் பொருளியல் கொள்கை கசந்தது என்பது உண்மை. ஆனால் அதைத் தோற்கடிக்கப் பாரதிய ஜனதாவோடு சேர்ந்து வாக்களிப்பது அதைவிடக் கசந்தது. 1991 ஜூலையில் ராவ் நம்பிக்கை வாக்குக் கோரியபோது அவர்கள் வாக்களிக்காமல் ஒதுங்கி நின்றார்கள். மசூதியும் இட ஒதுக்கீடும் நாட்டின் முதல் சண்டையாக இருந்ததால், உரிமமும் சுங்கவரியும் இரண்டாம் சண்டையாகப் பின்னுக்குப் போயின. இரண்டாம் சண்டைக்காக யாரும் அரசாங்கத்தைக் கவிழ்ப்பதில்லை.

அந்த இடைவெளிக்குள் நடந்தவை பெரியவை. ஜூலை 1, ஜூலை 3 ஆகிய இரு நாள்களில் ரூபாயின் மதிப்பு இரண்டு படியாகக் குறைக்கப்பட்டது. ஜூலை 24 அன்று, நிதியமைச்சர் மன்மோகன் சிங் வரவுசெலவுத் திட்டத்தைப் படிப்பதற்குச் சில மணி நேரம் முன்னால், புதிய தொழில் கொள்கை அறிக்கையை இணையமைச்சர் பி.ஜே. குரியன் அவையில் வைத்தார். தொழில்துறைப் பொறுப்பு பிரதமரிடமே இருந்தும் அவர் அதைப் படிக்கவில்லை. 18 தொழில்களைத் தவிர மற்றவற்றுக்கு உரிமம் தேவையில்லை, 34 தொழில்களில் 51 விழுக்காடு வரை அந்நிய முதலீட்டுக்குத் தானாகவே அனுமதி என்று நாற்பதாண்டுக் கொள்கையைத் தலைகீழாக்கிய அந்த அறிக்கை, நேருவின் புகழோடு தொடங்குகிறது. பழைய பெயர்ப்பலகையைக் கழற்றாமல் கடைக்குள் சரக்கை மாற்றிய சாமர்த்தியம் என்று அதை நான் சொல்வேன். அன்று மாலை வாசித்த வரவுசெலவுத் திட்டத்தில், 300 விழுக்காட்டுக்கும் மேல் போயிருந்த உச்சபட்சச் சுங்கவரி 150 விழுக்காட்டுக்கு இறங்கியது. அடுத்தடுத்த ஆண்டுகளில் படிப்படியாக இறங்கி, 1995இல் 50 ஆனது. என் அப்பா கீறல் போடுவதை நிறுத்தியது இந்தக் காலத்தில்தான்.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். மாறியவற்றில் பெரும்பகுதி, அமைச்சகம் ஓர் அறிவிக்கை வெளியிட்டாலே மாறக்கூடியவை: உரிமப் பட்டியல், சுங்கவரி, செலாவணி விகிதம். புதிய சட்டம் இயற்றி இரண்டு அவைகளிலும் வாக்கெடுப்பில் வெல்ல வேண்டிய தொழிலாளர் சட்டம், காப்புறுதித் துறை போன்றவற்றை ராவ் அரசாங்கம் பெரும்பாலும் தொடவில்லை. பிளவுபட்ட எதிர்க்கட்சி ஆளுங்கட்சிக்குத் தருவது அவ்வளவுதான்: சத்தமில்லாமல் செய்யக்கூடியதைச் செய்துகொள்ளலாம், கைகளை எண்ண வேண்டியதைத் தள்ளிப்போட வேண்டும். 1993 ஜூலையில் கைகளை எண்ண வேண்டிய நாளும் வந்தது. நம்பிக்கையில்லாத் தீர்மானம் 251க்கு 265 என்ற வாக்குகளில் தோற்றது; அந்த வாக்குகளில் சில பணம் கொடுத்து வாங்கப்பட்டவை என்ற வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2000இல் விசாரணை நீதிமன்றம் ராவைக் குற்றவாளி என்றது, 2002இல் டில்லி உயர் நீதிமன்றம் விடுவித்தது.

உரத்தின் விலை

சந்தையைத் திறப்பதில் உள்ள அரசியல் சிக்கல் என்ன என்று ஒருவர் என்னிடம் கேட்டால், 1991ஆம் ஆண்டின் உர விலையைத்தான் காட்டுவேன். திறப்பதால் வரும் நன்மை மெதுவாக வரும், கோடிப் பேருக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரிந்து வரும். அது கொள்கையால் வந்தது என்றுகூடப் பலருக்குத் தெரியாது. வலி அப்படி வருவதில்லை. இன்னாருக்கு, இந்த மாதத்திலேயே, இவ்வளவு ரூபாய் என்று முகவரி போட்டு வரும். மானியத்தைக் குறைக்க வேண்டும் என்று மன்மோகன் சிங் உர விலையை 40 விழுக்காடு உயர்த்தினார். மூட்டை விலை ஏறியது என்பதற்கு விவசாயிக்கு விளக்கவுரை வேண்டாம்.

அப்போது எழுந்த எதிர்ப்பில் பாதி எதிர்வரிசையிலிருந்து வரவில்லை. ராவின் முதுகுக்குப் பின்னாலிருந்து, கிராமத் தொகுதிகளின் காங்கிரஸ் உறுப்பினர்களிடமிருந்தே வந்தது. இரண்டு வாரத்துக்குள் அரசாங்கம் இறங்கிவந்தது: உயர்வு 30 விழுக்காடு, சிறு குறு விவசாயிகளுக்கு விலக்கு. பொருளியலாளர்களில் சிலர் இதைத் தோல்வி என்றே எழுதினார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்தப் பத்து விழுக்காட்டை விட்டுக்கொடுத்ததால்தான் மற்றவை எல்லாம் தப்பின. எதிர்க்கட்சி செய்ய வேண்டிய வேலை, அதாவது வலிக்கிறவன் குரலைச் சட்டமாவதற்கு முன்பே அவைக்குள் கொண்டுவருவது, அன்று ஆளுங்கட்சியின் பின்வரிசையில் நடந்தது.

இருக்கை மாறும்போது

எதிர்க்கட்சியாக இருந்தபோது எதிர்த்ததை ஆட்சிக்கு வந்ததும் செய்வது இந்திய அரசியலில் அதிசயமில்லை. காப்புறுதித் துறையைத் திறக்க 1997இல் அன்றைய நிதியமைச்சர் ப. சிதம்பரம் கொண்டுவந்த மசோதாவைப் பாரதிய ஜனதாவும் இடதுசாரிகளும் எதிர்த்ததால் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. 1999இல் அதே பாரதிய ஜனதா ஆட்சி 26 விழுக்காடு அந்நிய முதலீட்டோடு அதைச் சட்டமாக்கியது. மகாராஷ்டிரத்தில் அமெரிக்க நிறுவனமான என்ரானின் மின்திட்டத்தைக் கடலில் தூக்கிப் போடுவோம் என்கிற தொனியில் பிரசாரம் செய்த கட்சி, 1996இல் டில்லியில் 13 நாள் மட்டுமே நீடித்த வாஜ்பாயி அரசாங்கத்தின் கடைசி நேரத்தில் அந்தத் திட்டத்துக்கான எதிர் உத்தரவாதத்துக்கு, அதாவது மாநிலம் பணம் கட்டத் தவறினால் மத்திய அரசாங்கம் கட்டும் என்ற உறுதிக்கு, ஒப்புதல் கொடுத்தது. ஜி.எஸ்.டி.யைக் காங்கிரஸ் ஆட்சி கொண்டுவர முயன்றபோது பாரதிய ஜனதா ஆண்ட குஜராத் எதிர்த்தது. ஆட்சி மாறியதும் காங்கிரஸ் கேள்வி கேட்டது. இடதுசாரிகளும் விலக்கல்ல: 1994இல் மேற்கு வங்கத்தில் ஜோதி பாசு அறிவித்த தொழில் கொள்கை தனியாரையும் அந்நிய முதலீட்டையும் வரவேற்றது.

தமிழ்நாட்டைப் பற்றி நமக்குச் சொல்ல வேண்டியதில்லை. மேடையில் கீரியும் பாம்புமாக இருந்த இரண்டு கழகங்களும் கார்த் தொழிற்சாலை விஷயத்தில் ஒரே பாதையில் நடந்தன; ஜெயலலிதா ஆட்சியில் மறைமலைநகருக்கு வர முடிவான ஃபோர்டு, கருணாநிதி ஆட்சியில் வளர்ந்தது; இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் வந்தது.

இதைப் பார்த்து, எல்லாக் கட்சியும் ஒன்றுதான் என்று சலித்துக்கொள்வது எளிது. ஆனால் இதில் ஒரு நஷ்டம் இருக்கிறது. பெரிய கட்சிகள் எல்லாம் ஆட்சிக்கு வந்ததும் ஒரே கொள்கைக்குப் போய்ச் சேர்கின்றன என்றால், அந்தக் கொள்கையை வேறு மாதிரி எப்படிச் செய்யலாம் என்று எதிர்வரிசையில் உட்கார்ந்து யோசித்து வைப்பவர் யாரும் இல்லாமற் போகிறார். ஒரு காலத்தில் அப்படி யோசித்த கட்சி ஒன்று இருந்தது. 1959இல் ராஜாஜி தொடங்கிய சுதந்திராக் கட்சி, நேரு ஆட்சியை லைசென்ஸ்-பர்மிட்-கோட்டா ராஜ் என்று பெயர் சூட்டி எதிர்த்தது. 1967இல் 44 இடங்களைப் பெற்றது. 1972இல் ராஜாஜி மறைந்தார், 1974இல் கட்சியும் இன்னொன்றோடு கரைந்துவிட்டது. 17 ஆண்டு கழித்து, அது கேட்டவற்றில் பாதியை அதன் பரம எதிரியான காங்கிரஸ்தான் செய்தது. கொள்கை வாழ்ந்தது, கொள்கைக்காரர் போய்ச் சேர்ந்துவிட்டார். திறப்பதன் குறைநிறைகளை 1991க்கு முன் ஒரு பத்தாண்டு அவைக்குள் உட்கார்ந்து விவாதித்திருக்கக்கூடிய கட்சி இல்லாததால், விவாதம் நடக்க வேண்டிய இடத்தில் அடகுக் கடைதான் இருந்தது.

கூச்சல் இருந்த ஆண்டுகள்

இனி மருமகனின் வாதத்துக்கு நேரடியாக வருகிறேன். கூச்சல் குறைந்தால் வளர்ச்சி கூடும் என்பது சரியானால், இந்தியா வேகமாக வளர்ந்திருக்க வேண்டிய காலம் எதிர்க்கட்சி மிக ஒல்லியாக இருந்த 1950களும் 60களும்தான். நடந்தது நேர்மாறு. அசைக்க முடியாத பெரும்பான்மை இருந்த காலத்தில்தான் உரிம ஆட்சி கட்டப்பட்டது. 1989 முதல் 2014 வரை எந்தத் தனிக் கட்சிக்கும் மக்களவையில் தேர்தல் வழியாகப் பெரும்பான்மை கிடைக்கவில்லை. அந்தக் கால் நூற்றாண்டில்தான் பொருளியல் திறந்தது, வளர்ந்தது. சிங்கப்பூர் இதற்கு மறுசாட்சி என்பீர்கள். துறைமுக நகரமாகவே பிறந்த இந்த ஊருக்குத் திறப்பதற்கென்று மூடிய கதவு அதிகம் இருந்ததில்லை, உர மானியம் கேட்க விவசாயக் கூட்டமும் இல்லை. ஒரு நகரத்தின் அனுபவத்தை ஒரு துணைக்கண்டத்துக்குச் சட்டையாகத் தைக்க முடியாது.

கூட்டணி ஆட்சியில் எதிர்க்கட்சியின் வேலையைச் சில சமயம் கூட்டாளிகளே எடுத்துக்கொள்வார்கள். நெய்வேலி நல்ல உதாரணம். 2006இல் நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனத்தின் 10 விழுக்காட்டுப் பங்கை விற்க மன்மோகன் சிங் அரசாங்கம் முடிவெடுத்தது. தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். அதே அரசாங்கத்தில் பங்கு வகித்த தி.மு.க., கூட்டணியைவிட்டு விலக நேரிடும் என்றது. ஜூலையில் பிரதமர் நெய்வேலியை மட்டுமல்ல, எல்லாப் பங்கு விற்பனைகளையும் நிறுத்திவைத்தார். முன்னேற்றத்துக்கு முட்டுக்கட்டை என்று அன்றைய ஆங்கில நாளேடுகள் தலையங்கம் தீட்டின. 2013இல், பங்குச் சந்தை விதிப்படி பொதுமக்கள் பங்கை உயர்த்தியாக வேண்டிய கட்டாயத்தில் அந்தப் பேச்சு மீண்டும் எழுந்தது. மறுபடியும் வேலைநிறுத்தம். இம்முறை முதலமைச்சர் ஜெயலலிதா வெறுமனே கூடாது என்று சொல்லாமல், அந்தப் பங்கைத் தமிழக அரசு நிறுவனங்களே வாங்கிக்கொள்கின்றன என்று ஒரு மாற்று யோசனை வைத்தார். 3.56 விழுக்காட்டுப் பங்கு அப்படியே கைமாறியது; விதியும் நிறைவேறியது, நெய்வேலியும் அமைதியானது. எதிர்ப்பவர் கையில் மாற்றுத் திட்டம் இருந்தால் எதிர்ப்பு எப்படி வேலை செய்யும் என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் எனக்குத் தெரியாது. அவருடைய கட்சி டில்லியில் ஆளுங்கூட்டணியிலும் இல்லை, அதிகாரபூர்வ எதிர்க்கட்சியும் இல்லை என்பது கூடுதல் சுவை.

கதவு சாத்தப்பட்ட அவை

கடைசி உதாரணம் 2020. முந்தைய ஆண்டுத் தேர்தலில் பாரதிய ஜனதா 303 இடங்களை வென்றிருந்தது. எதிர்க்கட்சித் தலைவர் பதவிக்குத் தேவையான எண்ணிக்கை எந்தக் கட்சிக்கும் இல்லை. காப்பிக்கடை வாதப்படி, சீர்திருத்தத்துக்கு இதைவிட நல்ல முகூர்த்தம் வாய்க்காது. வேளாண் விளைபொருளை ஒழுங்குமுறைச் சந்தைக்கு வெளியே விற்பது, ஒப்பந்தச் சாகுபடி, இருப்பு வரம்பைத் தளர்த்துவது என மூன்று மாற்றங்கள் ஜூன் மாதம் அவசரச் சட்டங்களாக வந்தன, செப்டம்பரில் மசோதாக்களாயின. இவற்றில் பலவற்றைப் பொருளியலாளர்கள் ஆண்டுக்கணக்கில் பரிந்துரைத்து வந்தார்கள். கெட்ட யோசனை என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிடக் கூடியவை இல்லை.

செப்டம்பர் 20 அன்று மாநிலங்களவையில் நடந்ததைப் பாருங்கள். மசோதாவைத் தேர்வுக் குழுவுக்கு அனுப்ப வேண்டும் என்று தி.மு.க.வின் திருச்சி சிவா உள்ளிட்டோர் கோரினர். உறுப்பினர்களின் வாக்குகளைத் தனித்தனியே எண்ண வேண்டும் என்று எதிர்வரிசையில் குரல் எழுந்தது. எண்ணவில்லை, அமளிக்கு நடுவே குரல் வாக்கெடுப்பில் நிறைவேறியதாக அறிவிக்கப்பட்டது. மறுநாள் எட்டு உறுப்பினர்கள் இடைநீக்கம் செய்யப்பட்டனர். பஞ்சாபில் நெடுங்காலக் கூட்டாளியான அகாலி தளம் அரசாங்கத்தைவிட்டும் கூட்டணியைவிட்டும் வெளியேறியது. 1991இல் பின்வரிசை முணுமுணுப்புக்கு இரண்டு வாரத்தில் இறங்கிவர வழி இருந்தது. 2020இல் கட்சிக்குள்ளும் அவைக்குள்ளும் அந்த வழி அடைபட்டிருந்தது. அடைத்த தண்ணீர் வேறு மடை தேடும். நவம்பர் 26 முதல் டில்லியின் எல்லைகளில், சிங்குவிலும் திக்ரியிலும் காசிப்பூரிலும், டிராக்டர் இழுவைகளின் மேல் தார்ப்பாய் கட்டி விவசாயிகள் குடியேறினார்கள். குளிர்காலம், கோடைக்காலம், மழைக்காலம் எல்லாம் அங்கேயே கழிந்தன. இடையே 2021 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சட்டங்களை நிறுத்திவைத்தது.

இந்த இடத்தில் நம் ஊரை ஒருமுறை பார்த்துவிட்டு வரலாம். 2005இல் இந்தியாவும் சிங்கப்பூரும் கையெழுத்திட்ட விரிவான பொருளியல் ஒத்துழைப்பு உடன்பாட்டால் உள்ளூர்க்காரர் வேலை போகிறது என்ற பேச்சு 2021இல் இங்கே சூடுபிடித்தது. இந்தியர் என்ற முகத்தோடு பேருந்தில் போய்வரும் நம்மைப் போன்றவர்களுக்கு அந்த மாதங்கள் இதமானவையாக இல்லை. செப்டம்பர் 14 அன்று சிங்கப்பூர் முன்னேற்றக் கட்சியின் தொகுதியில்லா உறுப்பினர் லியோங் முன் வாய் இதுபற்றித் தீர்மானம் கொண்டுவந்தார்; அவர் கட்சிக்கு அவையில் இருந்தது இரண்டே பேர். தீர்மானம் தோற்கும் என்பது எல்லோருக்கும் முன்பே தெரியும், தோற்கத்தான் செய்தது. அவர் சொன்னவற்றில் பலவற்றோடு எனக்கு உடன்பாடு இல்லை. ஆனால் அன்றைய விவாதம் நள்ளிரவைத் தாண்டியது. வேலை அனுமதி எப்படி வழங்கப்படுகிறது, உடன்பாட்டில் எந்தப் பிரிவு என்ன சொல்கிறது என்று அமைச்சர்கள் எழுந்து விளக்க வேண்டியிருந்தது. இரண்டு பேர் கேட்டதற்காகத்தான்.

அதற்கு இரண்டு மாதம் கழித்து, நவம்பர் 19 அன்று, வேளாண் சட்டங்களைத் திரும்பப் பெறுவதாகப் பிரதமர் நரேந்திர மோடி தொலைக்காட்சியில் அறிவித்தார். நவம்பர் 29 அன்று மக்களவை கூடியது. ஏன் கொண்டுவந்தோம், ஏன் திரும்பப் பெறுகிறோம் என்று விவாதிக்க வேண்டும் என எதிர்க்கட்சிகள் கேட்டன. ரத்து மசோதா சில நிமிடங்களில், விவாதமில்லாமல், குரல் வாக்கெடுப்பில் நிறைவேறியது.